ஆசைக்கொம்பு: ஊர் விபரப் படிவம்

பிரதேச செயலகம் தந்த படிவத்தில்
முதல் கேள்வி ஊரின் பெயர்.
வரைபடத்தில் ஆஷ்கோம்ப்.
எவனோ ஒரு துரை தான் பிறந்த சிற்றூரைப்
பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்து
இந்தச் சரிவில் உதறியிருக்கிறான்.
எங்கள் வாய் அதை மென்று மென்று
ஆசைக்கொம்பு ஆக்கிற்று.
பஸ்ஸின் நெற்றியில்
மூன்று மொழியிலும் வேறு வேறு எழுத்துப்பிழை.

அடுத்து: குளங்கள் எத்தனை?
நெல்வயல் எத்தனை ஏக்கர்?
அநுராதபுரத்துக்காக அடித்த படிவம் போலும்.
கோடு கிழித்தேன்.
லயம் எத்தனை என்று அது கேட்கவில்லை.
ஓரத்தில் நானே எழுதினேன்: பதினொன்று.
ஒன்றில் ஆளில்லை, கூரையுமில்லை,
மின்மானி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வணக்கத்தலங்கள்.
மாரியம்மன் கோயில் ஒன்று.
கருங்கல் தேவாலயம் ஒன்று, எட்டு வாங்கு,
மூன்றாம் ஞாயிறு பாதிரியாருக்கு ஜீப் கிடைத்தால் திறக்கும்.
ஸ்டோருக்குப் பின்னால், பெரிய ரோதையின் காலடியில்
ரோதமுனி.
ரோதையைப் பிரித்துப் பழைய இரும்புக்கு விற்றபோது
சாமியை என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை.
இப்போது சக்கரமில்லாத குழிக்கு
ஆடியில் சேவல் அறுக்கிறார்கள்.

அதன் பிறகு அரைப்பக்கம் வெள்ளை:
கிராமத்தின் வரலாறு, இருநூறு சொற்களுக்குள்.

கோப்பி. கோப்பி செத்தது. பிறகு தேயிலை.
ஐந்து சொல்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றைந்து.

ஆபீஸில் பழைய செக்ரோலைக் கேட்டேன்.
"கறையான் படிச்சு முடிச்சிருச்சு" என்றார்
கிளாக்கர் இம்மானுவேல்.
தப்பியது மழைப் புத்தகம்.
தோல் அட்டை, நூற்று முப்பது வருடம்,
ஒரு காலை விடாமல்
எத்தனை அங்குலம், எத்தனை நூறிலொன்று.
துரை காய்ச்சலில் கிடந்த மாதத்தில்
வேறு யாரோ ஒரு கை, கோணல் எழுத்தில்.
இரண்டு உலகப்போரும் அதற்குத் தெரியாது.
நாடு எங்களைக் கணக்கிலிருந்து கழித்த ஆண்டில்
மார்கழி முழுக்கத் தூறல், அவ்வளவே.

ஒரு பக்கத்தில் விரல் நின்றது.
என் அப்பா பிறந்த வருடம், ஐப்பசி.
பதினோரு அங்குலம், முப்பது.
அன்றிரவுதான் நாலாம் நம்பர் மலை இறங்கி வந்து
கீழ்லயத்தின் ஆறு காம்பராக்கள் மேல் படுத்தது.
மை நடுங்கவில்லை.
மறுநாள்: இரண்டு அங்குலம்.
அதற்கு மறுநாள்: இல்லை.
அந்த 'இல்லை'
மழைக்கு எழுதியது.

இப்போது மழைமானி பாக்கியசெல்வியின் பொறுப்பு.
பெரட்டு கலைந்த பிறகு, எட்டு மணிக்கு,
கொழுந்துச் சாக்கு முதுகில் தொங்க
கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள்.
கணக்கு மில்லிமீற்றரில், நீல மை.
நாலு வருடமாக, யாரும் சொல்லாமல்,
சிவப்புக் கோட்டுக்கு வெளியே பென்சிலில்:

18. பீலி உடைந்தது.
0. தவசியின் மகன் கொழும்புக்கு, நகைக்கடைக்கு.
6. மேல்லயத்தில் ரொசலினுக்குப் பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ.
3. சம்பளம் ஏறும் என்று ரேடியோ.
3. ஏறவில்லை.
42. ஆறாம் நம்பரில் சிறுத்தை. அதுவும் ஓடவில்லை, நாங்களும் ஓடவில்லை.

ஏன் எழுதுகிறாய் என்றேன்.
"இடம் இருந்துச்சு சேர்.
அதோட, மழை மட்டும் பெய்யிற ஊரா இது?"

வரலாறு என்ற கட்டத்தில்
'இணைப்பைப் பார்க்க' என்று மட்டும் எழுதிவிட்டு
போட்டோக் கொப்பி எடுக்க
ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.
பாதி வழியில் பிடித்தது மழை.
என் பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.
தோல் அட்டை வயிற்றில் சில்லென்றது.

கடைசி பஸ் ஆறரைக்கு.
நாளை எட்டு மணிக்கு
அவளுக்கு இது வேண்டும்.